வண்டல் மண்ணும் பவர் பத்திரமும்

ஆம்ஹெர்ஸ்ட், மாசசூசெட்ஸ்
19 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் நலம். அங்கு அம்மா, அண்ணி, பெரியவன், பாப்பா எல்லோரும் நலமா? நீங்கள் அனுப்பிய பதிவுத் தபால் வந்து பன்னிரண்டு நாளாகிறது. சிட்டா நகலும், நிலத்தை விற்பதற்கான பவர் பத்திரமும் சாப்பாட்டு மேசைமேலேயே கிடக்கின்றன. சித்திரைக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. நீங்களும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. திட்டி எழுதியிருந்தால் பதில் போடச் சுலபமாக இருந்திருக்கும்.

என்ன சாப்பிடுகிறான் என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கேரட், முட்டைக்கோஸ், நூல்கோல், மறுபடியும் நூல்கோல். கூட்டு, பொரியல், சாம்பார் எல்லாம் ஆகிவிட்டது; போன வாரம் அம்மாவின் மருமகள் அதில் துவையலும் அரைத்துவிட்டாள்.

எல்லாம் கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் பண்ணையிலிருந்து வருகிறது. இங்கே சிறு பண்ணைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விதை வாங்குவதற்கு முன்பே, பனி கொட்டும் நாளிலேயே, சுற்றுவட்டாரக் குடும்பங்கள் முழுப் பருவத்துக்கும் பணத்தைக் கட்டிவிடுகின்றன. பிறகு ஜூனிலிருந்து வாரம் ஒரு பெட்டி. அந்த வாரம் மண் எதைக் கொடுத்ததோ அதுதான் பெட்டியில். இது வேண்டும், அது வேண்டாம் என்ற பேச்சே இல்லை. இப்போது குளிர்காலப் பங்கு, ஆகவே கிழங்கு. 1986இல் இந்த நாட்டில் இதைத் தொடங்கிய இரண்டு பண்ணைகளில் ஒன்று இதே மாநிலத்தில், மேற்கே கிரேட் பேரிங்டன் பக்கம் இருந்ததாம்.

நான் பணம் கட்டிச் சேரவில்லை. சனிக்கிழமை நான்கு மணி நேரம் வேலை செய்தால் பெட்டி தருகிறார்கள். உட்கார்ந்தே பழகிய உடம்புக்கு நல்லது என்றுதான் போனேன். இப்போது செவ்வாயும் வியாழனும்கூடப் போகிறேன். அலுவலகத்தில் வேலை நேரத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். காரையும் விற்றுவிட்டேன். பஸ்ஸில் போனால் நாலு மனிதர்களைப் பார்க்கலாம்.

நேற்று கேரட் கழுவினேன். கம்பிச் சட்டத்தின்மேல் கொட்டி, குழாயைப் பீய்ச்சி, கையால் புரட்ட வேண்டும். பத்தே நிமிடத்தில் ரப்பர் கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. ஆனால் உறைபனி விழுந்த பிறகு பறித்த கேரட்டைக் கடித்துப் பார்க்க வேண்டும், அண்ணா! உறைந்துவிடாமலிருக்க மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறதாம். அந்த இனிப்பு வேறு.

பண்ணை வாசலில் ‘மருந்து தெளிப்பதில்லை’ என்று மட்டும்தான் பலகை இருக்கிறது. ‘ஆர்கானிக்’ என்று எழுத வேண்டுமானால் மூன்று ஆண்டு ரசாயனம் படாத நிலமாக இருக்க வேண்டும், சான்றிதழும் வேண்டும். ஆண்டுக்கு 5,000 டாலருக்குள் விற்கிறவர்களுக்கு மட்டும் சான்றிதழிலிருந்து விலக்கு. இவர்கள் அதற்கு மேல் விற்கிறார்கள். சான்றிதழ் வேலைக்கு நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். வாங்குகிறவர்கள் வயலிலேயே வந்து நிற்கும்போது பலகை எதற்கு?

ஜூலையில் இந்த ஆறு கரை மீறியது. வெள்ளநீர் பட்ட காய்கறியை விற்கக் கூடாது என்பது இங்கே விதி. பார்ப்பதற்குப் பச்சைப்பசேலென்று நின்ற பயிரை அந்த அம்மாள் தானே டிராக்டர் ஓட்டி மடக்கி உழுதார். மூன்று வாரம் பெட்டி இல்லை. பணம் கட்டியவர்களில் ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. விளைச்சலைப் போலவே நட்டத்திலும் பங்கு என்றுதானே சேர்ந்தோம் என்றார்கள். எனக்கு 2018இல் கஜா புயலுக்கு மறுநாள் நீங்கள் தென்னந்தோப்பில் தனியாக நின்றது நினைவுக்கு வந்தது. நம் அரிசியைச் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்! யார் வந்து பார்த்தார்கள்?

எதிர்வீட்டுக் கிழவரைப் பற்றிப் பாப்பாவிடம் சொல்லுங்கள். அக்டோபரில் விடிவதற்கு முன் தெருவிலுள்ள சருகையெல்லாம் வாரிக்கொண்டு போய்ப் பூண்டுப் பாத்திமேல் போர்த்துவார். பேசவே மாட்டார். எனக்குக் காய்ச்சலென்று கேள்விப்பட்டுப் படியில் சூப் வைத்துவிட்டுப் போனார். பதிலுக்கு ரசம் கொடுத்தேன். பாத்திரம் திரும்பி வந்தபோது உள்ளே ஆறு பூண்டு இருந்தது. காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கை வராதது அம்மாவுக்கு மட்டும்தான் என்றிருந்தேன்.

இப்போது நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. நேற்று கழுவுமிடத்தில் தேங்கிய வண்டலை அள்ளும்போது வாய்க்கால் தூர்வாரிய வாசனை அடித்தது. அதே வாசனைதான், அண்ணா. மதகுப் பலகைமேல் நீங்கள் உட்கார்ந்திருக்க, நான் தூக்குவாளியில் நீராகாரம் கொண்டுவந்து நிற்பது போல இருந்தது. கையுறையைக் கழற்றி மோந்து பார்த்தேன். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குழாயை நிறுத்திவிட்டுப் போனார்.

இனி பத்திர விஷயம். மேட்டூரை அக்டோபர் 10ஆம் தேதியே மூடிவிட்டார்கள், கடைமடைக்கு வந்ததும் பாதித் தண்ணீர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் விற்காதே என்று கிழங்கு கழுவுகிறவன் சொல்வது அழகில்லை. இருந்தாலும் தை வரை பொறுங்கள். மேலத்தெரு மாமா அவசரப்படுத்துவது அவருடைய தரகுக்காக. பத்திரத்தில் தெற்கு எல்லை தவறு. வாய்க்காலை ஒட்டிய ஒன்றரை மா நிலம் சித்தப்பா பங்கு, அப்பா உயிரோடிருக்கும்போதே பிரித்தது. சர்வேயரை வைத்து அளந்த பிறகு பேசலாம். சங்கத்தில் நகைக்கடன் வட்டியோடு எவ்வளவு நிற்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். பாப்பாவின் கல்லூரிப் பணத்தை ஜனவரிக்குள் அனுப்பப் பார்க்கிறேன்; இங்கே வங்கியில் ஏதோ படிவச் சிக்கல்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். திருவாரூரில் பெரியவன் வேலை பார்க்கும் இடத்தில் இருபது குடும்பம் கிடைக்காதா? நாற்று விடும்போதே பாதிப் பணம், அறுத்த பிறகு அரிசி. யூரியா போடாமல் மூன்றாவது வருடம் என்று நீங்கள் சொன்னால் நம்புகிறவர்கள் இருபது பேர் போதும்.

அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து முடியுமுன் வாங்கிவிடுங்கள். அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் தம்பி

பின்குறிப்பு: திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் வாங்கிய இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பாவை விதைத்தீர்களா? நான்கு கிலோவாகத் திருப்பித் தருவதாகச் சொல்லித்தானே வாங்கினோம். இல்லை, அம்மா கஞ்சிக்கு எடுத்துவிட்டாளா?