முடங்குவது இயல்பல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், ‘புதுப்பிக்கும்போது இணையதளம் ஓரிரு நாள் முடங்குவது இயல்புதான்’ என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

சென்னையில் 9 ஆண்டுகள், இணையதளங்களை இயக்கும் கணினிகளான சர்வர்களைப் பராமரிக்கும் வேலை பார்த்துவிட்டு, இப்போது ராமேஸ்வரம் தீவில், பாம்பனில் கணினி மையம் நடத்துகிறேன். போன மாதம் சின்னப்பாலத்திலிருந்து ஓர் அக்கா, மகளின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்தார். கடலில் பாசி எடுத்துவிட்டு நேரே வந்தவர். விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. திரையில் ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்ற ஒரே வரி. மறுநாளும் அதே வரி. மூன்றாம் நாள் கடலுக்குப் போகாமல் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போகிறார்கள். அதில் ஒரு நாள் போயிற்று. சாயங்காலம்தான் தளம் திறந்தது. கடைசித் தேதி மட்டும் மாறவே இல்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல. புதிய வடிவத்தை வேறொரு சர்வரில் நிறுவிச் சோதித்து முடிக்கும்வரை பழையது ஓடிக்கொண்டே இருக்கலாம். தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸில் புதிய பகுதிகளை முதலில் சேர்ப்போம். பழையவற்றைப் பல நாள் கழித்துத்தான் நீக்குவோம். தளத்தின் பெயரைச் சர்வரின் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை முந்தைய நாளே 300 வினாடியாகக் குறைத்து வைத்து, நடமாட்டம் அடங்கிய நள்ளிரவில் புதிய சர்வருக்குத் திருப்புவோம். கோளாறு தெரிந்தால் திரும்பிப் போகப் பழையது தயாராக நிற்கும். நான் கடைசியாக மாற்றிய தளம், கடைசி நேரப் பதிவுகளை நகலெடுப்பதற்காக 11 நிமிடம் நின்றது. அந்த 11 நிமிடத்துக்கு மேலாளரிடம் எழுத்தில் விளக்கம் கொடுத்தேன்.

தீவுக்காரர்களுக்குக் காத்திருப்பது பழகிவிட்டது என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் நிறுத்தப்பட்ட ரயில் போக்குவரத்து 2025 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கியது. அதுவரை மண்டபத்தில் இறங்கி, மூட்டையும் பிள்ளையுமாக பஸ் ஏறினோம். காற்றடித்தால் மின்சாரம் போகிறது, மழை பெய்தால் இணையம் போகிறது. பாலம் துருப்பிடித்தது, கடல்காற்று காரணம் என்றார்கள், பொறுத்துக்கொண்டோம். இணையதளத்தை எந்தக் கடல்காற்று அரித்தது?

மாவட்டப் பக்கத்தில் ‘நாளைய மின்தடை’ வெளியிடுகிறீர்கள். எந்தத் தளம் எந்த நாளில் நிற்கும் என்பதையும் கேட்டு வாங்கி, அதன் கீழே இரண்டு வரி போடுங்கள். அன்று அந்த அக்காவைக் கடலுக்குப் போகச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
வாசகி, பாம்பன்