கிழித்துக்கொள்ளச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

உங்கள் துணிகளைக் கிழித்துக்கொள்ளச் சொன்னதற்கான இந்த நன்றி என்னுடையது அல்ல. உக்ரைனின் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்த காலம் முழுவதும் எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த அம்மாவுடையது. "உன் ஆட்களுக்கு உன் மொழியிலேயே சொல்லிவிடு" என்று சென்ற வாரம் தொலைபேசியில் உத்தரவு போட்டார். கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

அவருடைய மகனை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரோந்துப் போலீஸ்காரர். நாம் பொங்கல் கொண்டாடியபோது சத்தம் அதிகம் என்று யாரோ புகார் கொடுக்க, விசாரிக்க வந்து இரண்டு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனாரே, அவர்தான். ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய பிறகு, 2022 மார்ச் 2 அன்று, நடந்தாவது நகரை விட்டு வெளியேறுங்கள் என்று நம் தூதரகம் அறிவித்தபோது, நகருக்கு வெளியே இருக்கும் பிசோச்சினுக்குப் போகும் வழியைத் தாளில் வரைந்து கொடுத்தவரும் அவரே.

மறு ஆண்டுத் தொடக்கத்தில் உக்ரைன் உள்துறை அமைச்சகம் எட்டுத் தாக்குதல் படையணிகளுக்கு ஆள் சேர்த்தது. அதில் ஒன்று தேசியப் போலீஸின் படையணி. பெயர் 'லியூத்', அதாவது சீற்றம். படையெடுப்பு தொடங்கிய பிப்ரவரி மாதத்தையும் அவர்கள் 'லியூத்திய்' என்றுதான் சொல்கிறார்கள். இவர் விருப்பப்பட்டுச் சேர்ந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை, சொல்லவும் செய்தேன். துப்பாக்கியை எடுக்காமல் நிலைமையை அடக்குவதுதான் போலீஸ்காரரின் திறமை; எதிரியின் பதுங்குகுழிக்குள் இறங்கிப் பிடிப்பது முற்றிலும் வேறு தொழில். "தெரியும். அதனால்தான் அரிச்சுவடியிலிருந்து படிக்கிறோம்" என்றார்.

மகன் போன பிறகு அம்மா வீட்டில் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களோடு உருமறைப்பு வலை பின்னப் போனார். மீன்வலை போன்ற ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, துணிக் கீற்றுகளைக் கண்ணிக்குக் கண்ணி முடிந்துகொண்டே போக வேண்டும். கோடையில் பச்சை, பனிக்காலத்தில் வெள்ளை. துணி போதவில்லை. நாம் விட்டுவந்த பெட்டிகள் அவர் வீட்டில்தான் கிடந்தன. "கிழிக்கலாமா, கேட்டுச் சொல்" என்றார்.

பதினோரு பேரிடம் கேட்டேன். பதினோரு பேரும் அன்று இரவுக்குள் சரி என்றீர்கள். ஒருவர் மட்டும் உடற்கூறியல் குறிப்பேட்டை விட்டுவைக்கச் சொன்னார். (வலைக்குக் காகிதம் உதவாது, தம்பி. பத்திரமாக இருக்கிறது.) என் பச்சைச் சென்னிமலைப் போர்வை முதல் வலையிலேயே போயிற்று. பொங்கலுக்குக் கட்டிய வேட்டிகள் எல்லாம் பனிக்கால வலைகளுக்கு. தகர டப்பாவுக்குள் அட்டையைச் சுருட்டி வைத்து மெழுகு ஊற்றிச் செய்யும் பதுங்குகுழி விளக்குக்கு, நாம் சேர்த்துவைத்திருந்த காபித்தூள் டப்பாக்கள்கூடப் போய்விட்டன.

2023 செப்டம்பர் 17 அன்று கிழக்கு உக்ரைனில் பாக்முத் நகருக்குத் தெற்கே க்ளிஷ்சீவ்கா என்ற கிராமம் மீட்கப்பட்ட செய்தி வந்தது. அதில் பங்கெடுத்த படையணிகளில் லியூத்தும் ஒன்று. ஆனால் அதற்குச் சில நாள் முன்பே இவர் இடது தொடையில் குண்டுச் சிதறலோடு தினிப்ரோ நகர மருத்துவமனையில் படுத்திருந்தார்.

இந்த இடத்தில் மட்டும் மருத்துவனாக என் சொந்த நன்றியையும் சேர்த்துக்கொள்கிறேன். அவர் காலில் டூர்னிக்கெட்டை, அதாவது இரத்தப்போக்கை நிறுத்தும் பட்டையை, இறுக்கியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவரும் போலீஸ்காரராகத்தான் இருக்க வேண்டும். இறுக்கியதோடு நிற்காமல் அதன் பட்டையில் பேனாவால் நேரத்தை எழுதியிருக்கிறார்: 14:20. சுற்றிலும் குண்டு விழும்போது கடிகாரத்தைப் பார்த்து எழுதுவது சாதாரணக் காரியம் அல்ல. இரத்த ஓட்டத்தை எவ்வளவு நேரம் நிறுத்தியிருக்கிறோம் என்று தெரியாமல் அறுவை மருத்துவர் ஒரு காலை நம்பிக்கையோடு காப்பாற்ற முடியாது. அந்த நான்கு இலக்கங்களால் அவருக்குக் கால் இருக்கிறது. இப்போது கொஞ்சம் சாய்த்து நடக்கிறார், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

அவரைத் தூக்கி வந்தவர்களுக்கும், தினிப்ரோவில் இரவெல்லாம் கட்டு மாற்றிய செவிலியர்களுக்கும் அம்மா நேரிலேயே நன்றி சொல்லிவிட்டார். மீதி நீங்கள் பதினோரு பேர்.

ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. வேட்டிகளைக் கிழிக்குமுன் கரையை மட்டும் தனியாக வெட்டி எடுத்துவிட்டாராம். பனியில் சிவப்புக் கரை தெரிந்தால் வலை போட்டதே வீண் அல்லவா? அந்தக் கரைகளால் இந்த ஆண்டு தோட்டத்துத் தக்காளிச் செடிகளைக் கொம்போடு கட்டியிருக்கிறார். படம் அனுப்பியிருந்தார். மூன்றாவது செடியில் இருப்பது என்னுடையது.