தென்துருவத்துக்குப் போனது உழவு டிராக்டர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தென்துருவப் பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஸ்காட், அமுண்ட்சென், ஃபுக்ஸ், ஹிலாரி என்று தலைவர்களின் கதை நன்றாகவே வந்திருந்தது. ஆனால் 1958இல் ஹிலாரி துருவத்தை அடைந்ததைச் சொல்லும் இடத்தில், துருவத்துக்கென்றே தனியாக வடிவமைத்த பனி வாகனங்களில் போனார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரி தவறு. அவர் போனது உழவு டிராக்டரில். மன்னார்குடி பக்கம் 34 வருடம் டிராக்டர் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான். அந்த வண்டிக்குச் சேர வேண்டிய பெயர் சேராமல் போனது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

வண்டியின் பெயர் ஃபெர்குசன் டிஇ20. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்து விற்ற சின்ன டிராக்டர். பெட்ரோல் எஞ்சின், 28 குதிரைத்திறன். இன்றைக்கு எந்த டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும் கலப்பையைத் தூக்கி இறக்கும் த்ரீ பாயிண்ட் லிங்கேஜ் இருக்கும். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஹாரி ஃபெர்குசனின் இந்த வண்டிதான். அவர் கம்பெனி 1953இல் மாஸ்ஸி-ஹாரிஸோடு சேர்ந்தது. அந்த வம்சத்தில் வந்த மாஸ்ஸி ஃபெர்குசன் வண்டிகளைத்தான் சென்னையில் டாஃபே 1960களிலிருந்து செய்துவருகிறது. டெல்டாவில் மாஸ்ஸி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பிரித்துப் பூட்டிய முதல் எஞ்சினும் மாஸ்ஸிதான்.

பனியில் இந்த டிராக்டர் எப்படி ஓடியது என்று எங்கள் ஊர் விவசாயிக்கு விளக்கவே வேண்டாம். சேறடிக்கப் போகும்போது டயரோடு கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறோம். அறுவடை நேரத்தில் மழை பெய்து வயல் ஊறிப்போனால் டயர் வண்டி வேண்டாம், பெல்ட் வண்டி அனுப்புங்கள் என்று கேட்கிறோம். டயர் மண்ணில் உள்ளங்கை அளவு இடத்தில்தான் பதியும், வண்டியின் மொத்த கனமும் அங்கேயே இறங்கும். பெல்ட் அந்தக் கனத்தை நீளமாகப் பரப்பிவிடும். பனியிலும் அதே கணக்குதான். ஹிலாரியின் ஆட்கள் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இன்னொரு சக்கரத்தைக் கொடுத்து, எல்லாவற்றையும் சுற்றி ஒரே பட்டையாக மாட்டினார்கள். உட்காரும் இடத்தைச் சுற்றி கேன்வாஸ் துணி அடித்து ஒரு கூண்டு. பெரிய மாற்றம் அவ்வளவுதான்.

1957 அக்டோபர் 14 அன்று அண்டார்டிகா கரையில் நியூசிலாந்துக்காரர்கள் அமைத்த ஸ்காட் தளத்திலிருந்து மூன்று ஃபெர்குசன்களும், வீசல் என்ற பெல்ட் மாட்டிய பனி வண்டி ஒன்றும் புறப்பட்டன. பனிப்பிளவில் ஒன்று விழுந்தால் மற்றது பிடித்துக்கொள்ளட்டும் என்று வண்டிகளைக் கனமான கயிற்றால் ஒன்றோடொன்று கட்டியிருந்தார்கள். பனி மூடிய பிளவு வெளியே தெரியாது, வண்டி ஏறினால்தான் உடையும். விழவும் விழுந்தன, இழுத்தும் எடுத்தார்கள். வீசல் வழியிலேயே படுத்துவிட்டது. மேலே பீடபூமி ஏறக்குறைய 10,000 அடி உயரம். அங்கே காற்று மெல்லிசு, 28 குதிரை எஞ்சினுக்கு மூச்சு குறைந்துவிடும். மிருதுவான பனியில் சக்கரப் பட்டை புதைந்து வண்டி நகராதபோது பாரத்தைக் குறைத்துக் குறைத்துப் போனார்கள். 1958 ஜனவரி 4 அன்று மூன்று டிராக்டரும் துருவத்தைத் தொட்டன. 1912இல் ஸ்காட் போனதற்குப் பிறகு தரை வழியாக அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஆட்கள் இவர்கள்தான். எஞ்சின் வண்டியில் போனதிலும் இவர்களே முதல். மிச்சமிருந்த பெட்ரோல் சுமார் 20 கேலன்.

அந்த வண்டிகளில் ஒன்றை நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்து கான்டர்பரி மியூசியத்தில் பார்த்தேன். மகள் அங்கே இருக்கிறாள், அவளைப் பார்க்கப் போயிருந்தபோது கூட்டிப்போனாள். மற்றவர்கள் பக்கத்தில் இருந்த ஸ்னோகேட் என்ற பெரிய ஆரஞ்சு நிறப் பனி வண்டியைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான் ஃபெர்குசன் முன்னால் நின்றுவிட்டேன். இந்த வண்டியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டார்ட் பண்ணத் தனி பட்டன் கிடையாது. கியர் லீவரையே ஸ்டார்ட் என்ற இடத்துக்குத் தள்ள வேண்டும். கியரில் இருக்கும்போது வண்டி தவறுதலாக ஸ்டார்ட் ஆகி ஆள் மேல் பாயக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு, விறைத்த கையால் அந்த லீவரை ஒவ்வொரு காலையும் தள்ளியிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் என்னப்பா என்று கேட்டாள். பதில் சொல்ல வரவில்லை.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்காட் 1910இல் கிளம்பும்போது மூன்று மோட்டார் சறுக்கு வண்டிகளைக் கொண்டுபோனார். உல்ஸ்லி கம்பெனி செய்தவை. பெல்ட் மாட்டிய எஞ்சின் வண்டி அண்டார்டிகாவில் ஓடியது அதுதான் முதல் தடவை. அவற்றை உருவாக்கியதில் பெரும் பங்கு ரெஜினால்ட் ஸ்கெல்டன் என்ற கடற்படை எஞ்சினியருடையது. நார்வேயில் பனியில் ஓட்டிப் பார்த்ததிலும் அவர் இருந்தார். ஆனால் பயணத்தில் அவரைச் சேர்க்கவில்லை. இரண்டாவது தலைவராக இருந்த எவன்ஸைவிட ஸ்கெல்டன் பதவியில் மூத்தவர், தனக்குக் கீழே மூத்தவர் ஒருவர் இருப்பதை எவன்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டியை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஆளை ஊரிலேயே விட்டுவிட்டு வண்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் என்ன ஆகும்? ஒரு வண்டி கப்பலிலிருந்து இறக்கும்போதே, 1911 ஜனவரி 8 அன்று, பனி உடைந்து கடலுக்குள் போய்விட்டது. மற்ற இரண்டும் அக்டோபர் 24 அன்று கிளம்பின. காற்றால் குளிரும் எஞ்சின்கள் அவை. பாரம் இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகும்போது சிலிண்டர் கொதித்துவிடும். ஆற விட்டு நிறுத்தினால் கார்புரேட்டர் குளிர்ந்து பெட்ரோல் ஆவியாகாது, அதைச் சூடு காட்ட வேண்டும். ஒரு பக்கம் கொதிப்பு, ஒரு பக்கம் விறைப்பு. கடைசியில், பிஸ்டன் தண்டைக் கிராங்கோடு சேர்க்கும் பிக் எண்ட் பேரிங் போய், நவம்பர் 1ஆம் தேதிக்குள் இரண்டும் நின்றுவிட்டன. மெக்கானிக் பெர்னார்ட் டேயும், கப்பலில் ஸ்டோக்கராக இருந்த வில்லியம் லாஷ்லியும், கூட இருந்த எவன்ஸும் ஹூப்பரும் சாமான் ஏற்றிய சாதாரண சறுக்கு வண்டியைத் தங்கள் தோளில் பூட்டி இழுத்துக்கொண்டு நடந்தார்கள். அதே லாஷ்லிதான் பிறகு டாம் கிரீனோடு சேர்ந்து, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்து சாகக் கிடந்த எவன்ஸைக் காப்பாற்றியவர். ஸ்கெல்டன் கூட இருந்திருந்தால் அந்த வண்டிகள் துருவம் வரை போயிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பேரிங்கின் பலவீனம் பலவீனம்தான். ஆனால் இன்னும் பல மைல் இழுத்திருக்கும் என்பது ஒரு மெக்கானிக்காக என் கருத்து.

கேட்டால் சிலிர்க்கும் விஷயம் ஒன்று சொல்கிறேன். 1957இல் ஹிலாரியின் டிராக்டர்கள் கடல் மட்டத்திலிருந்து பீடபூமிக்கு ஏறிய பனியாற்றின் பெயர் ஸ்கெல்டன் பனியாறு. 1910க்கு முந்தைய ஸ்காட்டின் முதல் பயணத்தில் எஞ்சினியராக வந்த அதே ஸ்கெல்டனின் பெயரைத்தான் அந்தப் பக்கத்துக்கு வைத்திருந்தார்கள். எந்த மனிதரைக் கூட்டிப்போகவில்லையோ, அவர் பெயர் கொண்ட வழியாகத்தான் 46 வருடம் கழித்து எஞ்சின் வண்டி துருவத்துக்கு ஏறியது.

ஹிலாரி போன அதே பயணத்தின் தலைவர் விவியன் ஃபுக்ஸ், அவர் கண்டத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். 1957 நவம்பர் 24 முதல் 1958 மார்ச் 2 வரை 99 நாளில் 3,473 கிலோமீட்டர், கண்டத்தை முழுசாகக் குறுக்கே கடந்தார். நான்கு டக்கர் ஸ்னோகேட்டும் கடைசி வரை வந்து சேர்ந்தன. இது உண்மையிலேயே பனிக்கென்று செய்த வண்டி. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் செய்தது, கிரைஸ்லர் வி8 எஞ்சின். நான்கு மூலையிலும் நான்கு தனித்தனி பெல்ட். திரும்பும்போது புல்டோசர் மாதிரி ஒரு பக்கச் செயினை நிறுத்திப் பனியைக் கிளறாது. பெல்ட்டே சக்கரம் மாதிரி திரும்பிக்கொடுக்கும். அதில் 'ராக் அன்ட் ரோல்' என்று பெயர் வைத்த வண்டி ஒரு பிளவின் மேல் முன் பெல்ட் இரண்டும் அந்தரத்தில் தொங்க நிற்கும் படம் உலகப் பிரசித்தம். மற்ற வண்டிகளை முன்னும் பின்னும் கட்டி, அடியில் அலுமினியப் பாலத் துண்டுகளைக் கொடுத்து, அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தார்கள். எஞ்சினியர்கள் டேவிட் பிராட்டும் ராய் ஹோமார்டும் இல்லாமல் அந்த 99 நாள் இல்லை.

சோவியத்தின் கார்கோவ்சங்காவையும் சொல்லியிருக்கலாம். 1959 டிசம்பர் 26 அன்று துருவம் சேர்ந்த பெரிய வண்டி அது. உள்ளே படுக்கை, சமையலறை எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது, வெளியே இறங்காமல் கேபினுக்குள்ளிருந்தே எஞ்சினைப் பார்க்கலாம் என்பது. குளிரில் பானெட்டுக்குள் கை விட்டவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் அதை வடிவமைத்திருப்பார்கள்.

இந்த வேலை உயிரையும் வாங்கியிருக்கிறது. நார்வே, பிரிட்டன், ஸ்வீடன் மூன்றும் சேர்ந்து நடத்திய அண்டார்டிகா பயணத்தில், 1951 பிப்ரவரியில் மாட்ஹைம் தளத்தருகே ஒரு வீசல் வண்டி மூடுபனியில் பனி விளிம்பைத் தாண்டிக் கடலில் விழுந்தது. பெர்டில் எக்ஸ்ட்ரோம், லெஸ்லி குவார், ஜான் ஜெல்பார்ட் மூவரும் இறந்தார்கள். நான்காமவர் ஸ்டிக் ஹால்கிரென் மிதக்கும் பனிக்கட்டிக்கு நீந்திப் பிழைத்தார்.

அண்டார்டிகாவில் இருக்கும் நம் நாட்டு மைத்ரி தளத்திலும் 1989லிருந்து வண்டிகள் ஓடுகின்றன, அவற்றைப் பழுது பார்க்க ஆட்கள் குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்குகிறார்கள். அவர்களில் யாரையாவது தேடிப் பிடித்து ஒரு பேட்டி போடுங்கள், ஐயா. எந்த ஆயில் ஊற்றுகிறார்கள், காலையில் எஞ்சினை எப்படிச் சூடேற்றுகிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் ஊர் ஐடிஐ பையன்கள் வரி விடாமல் படிப்பார்கள்.

அதற்கு முன்னால் அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். 1958 ஜனவரி 4 அன்று துருவத்துக்குப் போனவை மூன்று ஃபெர்குசன் உழவு டிராக்டர்கள். ஹிலாரியோடு போனவர்கள் எஞ்சினியர்கள் மர்ரே எல்லிஸ், ஜிம் பேட்ஸ், ரேடியோ பார்த்த பீட்டர் மல்க்ரூ, படம் பிடித்த டெரெக் ரைட். எல்லிஸ், பேட்ஸ் பெயர்களை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய டிராக்டர் மெக்கானிக்,
மன்னார்குடி