எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டவர்களுக்கு

எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் வணக்கம்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுப் பட்டியலில் என் எண் வந்ததிலிருந்து, வாழ்த்துச் சொல்ல வந்தவர்களில் பலர் போகும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒன்றைத்தான்: "எவ்வளவு கொடுத்தே?" அப்பாவுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. இந்த வேலைக்கு அப்படி ஒரு பேர் இருக்கிறது, மறைப்பானேன்? ஆகவே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு நான் கட்டியது விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய். "முடித்துத் தருகிறேன்" என்று வீடு தேடி வந்த ஒருவருக்கு அம்மா கொடுத்தது ஒரு டம்ளர் மோர். மற்றபடி கொடுத்ததெல்லாம் மற்றவர்கள், வாங்கிக்கொண்டவள் நான்.

முதலில் பி.டி. டீச்சர். எங்கள் பிரிவுப் பெண்களுக்கு 159 செ.மீ. உயரம் வேண்டும். நான் புத்தகம் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அவர் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்துவிட்டு, "சரி, இனிமே செலவு பண்ணு" என்றார். 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடுவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. குண்டு எறிதல்தான் படுத்தியது. நான்கு கிலோ குண்டு 4.25 மீட்டர் போனால் ஒரு நட்சத்திரம், 5.50 போனால் இரண்டு; நட்சத்திரத்தை வைத்துத்தான் மதிப்பெண். மொத்த 100 மதிப்பெண்ணில் உடல்திறன் போட்டிகளுக்கு மட்டும் 24. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்கு அடித்துக்கொள்கிற கூட்டத்தில் இதை விட முடியுமா? "கையால எறியாதே, காலால தள்ளு" என்று டீச்சர் தினமும் கத்துவார். தோளுக்கு முன்னால் இடுப்பு திரும்ப வேண்டும் என்பது உடம்புக்குப் புரிந்த பிறகுதான் குண்டு கோட்டைத் தாண்டியது. பணி ஓய்வு பெற்றவர் அவர். காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வர வேண்டிய கட்டாயம் அவருக்கு எதுவும் இல்லை.

கிளை நூலகத்து அண்ணன் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பாடப்புத்தகங்களை எனக்கென்று தனியாக எடுத்து வைத்தார். தமிழ்த் தகுதித் தேர்வில் 80க்கு 32 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அலட்சியமாக இருப்பவர்கள் அங்கேதான் விழுவார்கள் என்று இலக்கணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டவர் அவர்தான். முதன்மைத் தாளின் 70 கேள்விகளில் 25 உளவியல். பெயர்தான் உளவியல், உள்ளே பெரும்பாலும் கணக்கும் புதிரும். அதற்கு எதிர்வீட்டுக் கணக்கு சார். ஒரு பைசா வாங்கவில்லை, ஆனால் திட்டுக்குக் குறைவில்லை.

அப்புறம் என் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு இடம் உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்ததற்குச் சான்று கேட்பார்கள். நான் படித்தபோது இருந்தவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. அவர் பீரோவில் இருந்த பழைய பதிவேடுகளைத் தூசி தட்டித் தேடி என் பெயரைக் கண்டுபிடித்து, அன்றே கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

காவல் நிலையத்திலிருந்து என்னைப் பற்றி விசாரிக்க வந்தபோது, பெட்டிக்கடை அத்தை என் பிறப்பிலிருந்து ஆரம்பித்துவிட்டார். "வழக்கு ஏதும் உண்டா, அதை மட்டும் சொல்லுங்கம்மா" என்று வந்தவர் கெஞ்சியதாகக் கேள்வி. அத்தைக்கும் நன்றி.

அம்மா அப்பாவுக்கு இங்கே எழுதவில்லை, வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன். நான் படிப்பதற்காக இரவு பத்து மணிக்கு மேல் தறியை நிறுத்திவைத்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மட்டும் சொல்லியே ஆக வேண்டும். அவர்களுக்கு அது கூலி நஷ்டம்.

ஏழு மாதப் பயிற்சிக்குக் கிளம்புகிறேன். என் குறிப்பு நோட்டுகள் நூலகத்தில் இருக்கின்றன, எறிந்து பழகிய குண்டு, டீச்சர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அடுத்த அறிவிப்புக்குத் தயாராகும் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காலையில் தாமதமாகப் போனால் அவருக்குப் பிடிக்காது.