நைரோபியில் ஒரு வேப்பமர யானை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கென்யா பயணக் கட்டுரையைப் படித்தேன். மசாய் மாராவில் சிங்கம் பார்த்த கதையை நாலு பக்கம் எழுதியவர், நைரோபியை இரண்டே வரியில் முடித்துவிட்டார். கைவினைப் பொருள் வாங்க ஒரு மணி நேரம் போதுமாம். சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்க வேண்டுமாம். ஈரோட்டில் முப்பது வருஷம் ஜவுளி வியாபாரம் பார்த்தவன் நான். இதே யோசனையை நம்பிப் போய் ஏமாந்தும் வந்தவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் நானும் மனைவியும் ஒரு சனிக்கிழமை முழுக்க நைரோபியில் இருந்தோம். மசாய் மார்க்கெட் என்பது ஒரே இடத்தில் இருக்கும் கடைவீதி இல்லை. நம் வாரச்சந்தை மாதிரி கிழமைக்கு ஓர் இடம். வெள்ளிக்கிழமை என்றால் ஊருக்கு வெளியே வில்லேஜ் மார்க்கெட் வளாகம். நாங்கள் போன சனிக்கிழமை, நகர நடுவில் உயர் நீதிமன்றத்தின் வண்டி நிறுத்துமிடம். தரையில் துணி விரித்து, சிவப்புக் கட்டம் போட்ட சூக்கா போர்வைகள், மணிமாலைகள், கிசி பக்கத்து மாக்கல்லில் செதுக்கிய கிண்ணங்கள், கற்றாழை நாரில் பின்னிய கியோண்டோ கூடைகள் என்று பரப்பியிருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததுமே ஒரு இளைஞர் கூட வந்து ஒட்டிக்கொண்டார். கையில் பையும் ஒரு சின்ன நோட்டும். நாம் எதைத் தொட்டாலும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார், "கடைசியில் பேசிக்கொள்ளலாம்" என்பார். கடைசியில் நோட்டில் ஒரு தொகை எழுதிப் பேனாவை நம்மிடம் நீட்டுவார். கியோண்டோவுக்கு 3,000 ஷில்லிங் எழுதினார். நான் கணக்காக 1,000 எழுதினேன். அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு 1,500க்கு ஒப்புக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை. அப்புறம் அவர் போனபிறகு, மகளுக்கும் ஒன்று வேண்டும் என்று மனைவி அதே அளவுக் கூடையை ஒரு அம்மாவிடம் நேரே விலை கேட்டாள். 900 என்றார். மாட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடிக்கும் தரகர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கே இந்தக் கதி. மூன்றில் ஒரு பங்கு என்ற சூத்திரம் நம்மைவிடத் தரகருக்கு நன்றாகத் தெரியும். முதல் விலையையே அதற்குத் தகுந்தபடிதான் ஏற்றி எழுதுகிறார். கூடை பின்னிய பெண்ணுக்கு அதில் என்ன போகிறதோ!

அந்த நோட்டு இளைஞரே தலையில் கட்டிய கறுப்பு யானை ஒன்றும் உண்டு. கருங்காலி என்றார். ஓட்டலில் ஈரக் கைக்குட்டையால் துடைத்தால், கைக்குட்டை கறுப்பு! பூட்ஸ் பாலிஷ். நம் ஊரில் கருங்காலி மாலை வாங்குகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

ஆனால் அன்று கிடைத்த நல்ல சரக்கும் ஒரு யானைதான். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் வெளிறிய மரத்தில் செய்ததை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன மரம் என்று கேட்டேன். "முவாரோபைனி." சுவாஹிலியில் அரோபைனி என்றால் நாற்பது. நாற்பது நோய் தீர்க்கும் மரமாம். செல்போனில் இலையின் படத்தைக் காட்டினார். அட, நம்ம வேம்பு! இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போன மரம். அங்கே கறுப்பு மரம் முற்றப் பல பத்தாண்டு பிடிக்கும், வெட்டி வெட்டி அரிதாகியும் விட்டது. அதனால் சிற்பிகள் வேம்பு, மா, ஜகராண்டா என்று மாறிவருகிறார்கள். அவரிடம் நான் பேரம் பேசவில்லை.

பக்கத்திலேயே கென்யாட்டா மாநாட்டு மையம். 1973இல் திறந்த 28 மாடிக் கட்டடம். மொட்டைமாடிக்குப் போனால் தெற்கே புல்வெளி தெரியும். 1946இலேயே அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா அது. சிங்கம் அங்கேயும் உண்டு, கட்டுரையாளர் கவனிக்க. 1998இல் அமெரிக்கத் தூதரகத்தில் நடந்த குண்டுவெடிப்பில் இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுப் பூங்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பியாஷாரா தெருவுக்கு நடந்தோம்.

ஜவுளிக்காரனுக்கு அந்தத் தெருதான் கோயில். கடைக்காரர்களில் குஜராத்திகள் நிறைய. கங்கா என்ற பருத்தித் துணி ஜோடியாகத்தான் கிடைக்கும். நாலு பக்கமும் பார்டர், நடுவே படம், கீழே சுவாஹிலியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்துத்தான் பெண்கள் துணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சண்டைக்காரிக்குப் பதில் சொல்லவும் அதையே கட்டுகிறார்களாம். மனைவி எடுத்ததில், கொஞ்சம் கொஞ்சமாகப் படி நிறையும் என்று பொருள்படும் பழமொழி. துணியைத் தடவியதும் சந்தேகம் வந்து கேட்டேன். இந்தியாவில் அச்சடித்ததுதான் என்று கடைக்காரர் சிரித்தார். இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆப்பிரிக்கத் துணி என்று ஊரில் கொடுக்குமுன் தெரிந்திருப்பது நல்லது.

பாலிதீன் பைக்கு 2017 முதல் அங்கே தடை. எல்லாவற்றையும் சுவாஹிலி நாளிதழில் சுற்றித்தான் கொண்டுவந்தோம்.

இனிமேல் பயணக் கட்டுரை போடும்போது எந்தக் கிழமை எங்கே சந்தை, எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது சேருங்கள். சந்தையில் நோட்டோடு வருகிறவரைப் பற்றியும் ஒரு வரி. எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது இரண்டு யானைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கறுப்பு யானையைத் துடைக்கும்போதெல்லாம் துணியில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளி வியாபாரி,
ஈரோடு.