ரொறன்ரோ மச்சானுக்கு, அந்த 2,400 டொலர் பற்றி

அன்புள்ள மச்சான்,

ஐஸ் என்றால் எனக்குத் தெரிந்தது மீன்பெட்டிக்குள் உடைத்துப் போடுகிற ஐஸ்தான். அதன்மேல் தகடு பூட்டிய சப்பாத்தோடு ஓடுகிற ஐஸ் ஹொக்கிக்கு, மகனுக்காக 2,400 டொலர் கட்டுவதா வேண்டாமா என்று என்னிடம் யோசனை கேட்டு மூன்று நிமிட வொய்ஸ் அனுப்பியிருக்கிறாய். முதல் தரம் கேட்டபோது சிரித்தேன். இரண்டாம் தரம் சிரிப்பு வரவில்லை. பயந்துபோய் இருக்கிறாய் என்று விளங்கியது.

வட்ஸ்அப்பில் பதில் எழுதத் தொடங்கி நாலு தடவை அழித்துவிட்டு, கடைசியில் இங்கேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. இதே கேள்வியோடு நித்திரை இல்லாமல் கிடக்கும் வேறு மச்சான்மாரும் அங்கே இருப்பார்கள், அவர்களும் வாசிக்கட்டும்.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். மருமகனுக்கு ஒன்பது வயது. செப்டெம்பரில் தொடங்கிய சீசன் மார்ச்சோடு முடிந்துவிட்டது. அந்தப் பகுதிப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே விளையாடுகிற ஹவுஸ் லீக்கில் சந்தோஷமாக விளையாடினான். இப்போது ஒரு கோச், ஏப்ரலில் இருந்து ஜூன் வரைக்கும் 'ஸ்பிரிங் டீம்' ஒன்று சேர்க்கிறார். பத்துக் கிழமை, கிழமைக்கு ஒரு மணித்தியாலப் பயிற்சி, அதோடு மூன்று டோர்னமென்ட். 2,400 டொலர். வெளியூர் டோர்னமென்டுக்கு ஹோட்டலும் பெற்றோலும் சாப்பாடும் உன் செலவு. அந்தக் கோச் சொன்ன ஒரு வசனத்தை நீ இரண்டு தரம் சொல்லிவிட்டாய்: "மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள்."

அந்த வசனம் எனக்குப் பழக்கமானது மச்சான். மட்டக்களப்பில் அதற்குப் பெயர் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை.

நீ வெளிக்கிட்ட பிறகு அது எங்கே போய் நிற்கிறது என்று உனக்குத் தெரியாது. மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டால் டியூசன், சனி ஞாயிறும் டியூசன், ஏப்ரல் லீவில் 'விசேட கருத்தரங்கு'. பிள்ளைகளை வெயிலில் ஓடவிடுங்கள் என்று இருபத்தைந்து வருடமாகப் பெற்றோருக்குப் புத்தி சொன்ன பி.ரி. மாஸ்டர் நான், என் மகளை அங்கே அனுப்பினேன். காரணம் வேறொன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போனது. மகள் வெட்டுப்புள்ளிக்கு மேலே ஒன்பது புள்ளி எடுத்துப் பாஸானாள், பாற்சோறு பொங்கினோம். ஆனால் அதுவரைக்கும் கையில் கிடைத்த கதைப்புத்தகத்தை எல்லாம் படுத்துக்கிடந்து வாசித்த பிள்ளை, பரீட்சை முடிந்த பிறகு ஒன்றையும் தொடவில்லை. இப்போது அவளுக்கு 19 வயது. இன்னும் தொடவில்லை. அந்தப் பத்து வயசுப் பிள்ளையின் வாசிப்பை எந்த டியூசன் மாஸ்டரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

சரி, உன் காசுக் கதைக்கு வருவோம். நான் கடதாசியும் பேனையும் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஹொக்கியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்குக் கோல் காப்பவரோடு ஆறு பேர்தான் ஐஸில் நிற்கலாம். கோல் காப்பவரை விட்டால் ஐந்து. நீ அனுப்பிய பட்டியலில் பதினைந்து பொடியன்மார். அப்போ, மாட்ச் 40 நிமிடம் நடந்தால் உன் மகன் விளையாடுவது 13 நிமிடம், மிச்சம் வாங்கில். மூன்று டோர்னமென்டிலும் சேர்த்துப் பன்னிரண்டு மாட்ச் என்று வை. மொத்தம் 160 நிமிடம், மூன்று மணித்தியாலம்கூட இல்லை. பயிற்சி பத்து மணித்தியாலத்தையும் சேர்த்தால் பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் மேலே. மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 190 டொலர், ஹோட்டல் இல்லாமல். அந்த 13 நிமிடத்திலும் ஒன்பது பேர் துரத்துகிற ஒரு கறுப்பு வட்டு அவன் தடியில் எத்தனை விநாடி இருக்கும் என்று நீயே யோசி.

அந்தக் கோச்சைக் கள்ளன் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு அங்கே ஐஸ் தானாக உறையாது. மண்டபத்தைக் குளிராக்கி, தண்ணீரை உறையவைத்து, மெஷினால் அதை வழித்து வைத்திருக்க வேண்டும், அதை மணிக்கணக்கில் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். அவருக்கும் செலவு இருக்கிறது. ஆனால் நீ இன்னொன்றும் சொன்னாய், மெதுவாக, சொல்லாதது மாதிரி: செப்டெம்பருக்கு நல்ல டீமுக்கு ஆள் எடுக்கிறவரும் அவர்தான். அப்படியென்றால் நீ கட்டப்போவது பயிற்சிக் காசு இல்லை மச்சான், பஸ்ஸில் யன்னலால் லேஞ்சி போட்டு இடம் பிடிக்கிற காசு. இடம் பிடிக்கத்தான் போகிறாய் என்றால், அதைத் தெரிந்துகொண்டு பிடி. பிள்ளையின் திறமைக்காகக் கட்டுகிறேன் என்று மட்டும் மனைவியிடம் சொல்லாதே, அவளுக்குக் கணக்குத் தெரியும்.

"அவன் மற்றப் பொடியன்மாரைவிடச் சின்னன், மெதுவாகத்தான் ஓடுகிறான்" என்று கோச் சொன்னதையும் சொன்னாய். மருமகன் எந்த மாதம் பிறந்தவன்? நவம்பர் கடைசி. பெயர் வைக்கும்போது நான்தான் வீடியோவில் நட்சத்திரம் பார்த்துச் சொன்னேன். கனடா ஹொக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்கி டிசெம்பர் 31இல் முடிகிறது. ஆகவே அவனோடு ஒரே பிரிவில் நிற்கிற ஜனவரிப் பொடியன், அவனைவிடப் பத்துப் பதினொரு மாதம் மூத்தவன். ஒன்பது வயதில் பத்து மாதம் என்பது இரண்டு மூன்று விரல் உயரம் மச்சான்! இதைக் கண்டுபிடித்ததே உங்கள் நாட்டுக்காரர்தான். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல்காரரும் கூட்டாளிகளும் 1985இல் எழுதினார்கள்: மேல்மட்ட ஹொக்கிக்குப் போனவர்களில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்து கிடக்கிறார்கள், கடைசி மாதக்காரர் அருமை. சின்ன வயதில் பெரியவனாகத் தெரிகிறவனைத் திறமைசாலி என்று நினைத்து எடுக்கிறார்கள், எடுத்தவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது, பிறகு அவன் உண்மையாகவே திறமைசாலி ஆகிவிடுகிறான். இங்கே வலய மட்டப் போட்டிக்கு ஆள் தெரிவு செய்யும்போது நானும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று பிந்தித்தான் உறைத்தது. எத்தனை நவம்பர்ப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேனோ.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் கூடுதலாகப் பயிற்சி கொடுத்து அவனைத் தூக்கிவிட வேண்டாமா என்று நீ கேட்பாய். பத்து மாத வளர்த்தியைப் பத்துக் கிழமையில் வாங்க முடியாது. அது தானாக வரும், பதினைந்து பதினாறில். அதுவரைக்கும் அவனுக்கு இந்த விளையாட்டு வெறுத்துப்போகாமல் இருந்தால் போதும்.

வெறுத்துப்போவதை மட்டும் சொல்லவில்லை, உடம்பும் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016இல் ஒரு அறிக்கை விட்டது. ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதைப் பதினைந்து பதினாறு வயதுவரை தள்ளிப்போடச் சொன்னார்கள். ஒரு பிள்ளை தன் முக்கிய விளையாட்டிலிருந்து வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது விலகியிருக்க வேண்டும் என்றார்கள், ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்தாலும் சரி. இதற்கு எனக்கு அறிக்கை தேவைப்படவில்லை. என்னிடம் படித்த ஒரு வேகப்பந்துவீச்சாளன், பதினாலு வயது, தகப்பன் லீவு என்று ஒரு நாளும் விடாமல் தனிக் கோச்சிடம் கொண்டுபோனார். முதுகெலும்பில் வெடிப்பு. பொடியன் இப்போது நல்லா இருக்கிறான், வங்கியில் வேலை. பந்தைத் தொடுவதில்லை.

உங்கள் ஊர் ஹொக்கிக் கடவுள் வெயின் கிரெட்ஸ்கி இருக்கிறாரே, ரொறன்ரோவுக்குக் கிட்ட பிரான்ட்ஃபோர்ட்காரர், அவருக்குத் தகப்பன் வீட்டுப் பின்வளவில் தண்ணீர் விட்டு உறையவைத்துக் கொடுத்தார். மணிக்கணக்காக அதில் கிடந்திருக்கிறார். ஆனால் கோடை வந்தால் பேஸ்போலும் லக்ரோசும். (அவர் பிறந்தது 1961 ஜனவரி 26. அதையும் சொல்லத்தான் வேண்டும்!)

இந்த இடத்தில் உனக்கு நம்முடைய ஓஃப் சீசன் ஞாபகம் வர வேண்டும். மாரி வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகு, மண்முனையில் வாவியைக் கடக்கிற பாதைப் படகில் ஏறி உன் அப்பாவின் வயலுக்குப் போவோமே. 2014இல் பாலம் வந்துவிட்டது, இப்போது மோட்டார்சைக்கிளிலேயே போய்விடலாம். வெட்டின வயலில் அடிக்கட்டை காலைக் குத்தக் குத்தக் கிளித்தட்டு விளையாடினோம். கோட்டில் நிற்கிறவனை இடது பக்கம் போவதாகக் காட்டி ஏமாற்றிவிட்டு வலது பக்கத்தால் நழுவுவதில் உன்னை வெல்ல ஆள் இல்லை. நீ அனுப்பிய ஹொக்கி வீடியோவைப் பார்த்தேன். கோல் போட்ட பொடியன் செய்தது அதேதான். தோளை ஒரு பக்கம் போட்டான், உடம்பை மற்றப் பக்கம் கொண்டுபோனான். கார்த்திகை மார்கழியில் மழை அடித்து மைதானம் எல்லாம் குளமானால், ஒன்றும் விளையாடாமல் திண்ணையில் குந்தியிருந்தோம். அதனால் நாங்கள் கெட்டுப்போகவில்லை. தை பிறந்து பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கோடு கீறத் தொடங்கினால் எப்படி ஓடினோம்!

காசு கொடுத்துப் பழகினால்தான் பயிற்சி என்று நீ நினைக்க மாட்டாய் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீ வளர்ந்தது வெபர் மைதானத்துக்குப் பக்கத்தில். அந்தப் பெயருக்குரிய ஹரல்ட் வெபர் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசுசபைப் பாதிரியார். அவருக்குப் பின்னால் வந்த யூஜின் ஹேபர் பாதிரியாரும் அப்படியே, லூசியானாக்காரர், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கூடைப்பந்து பழக்கியவர். சண்டை நடந்த 1990இல், ஓகஸ்ட் 15, வாழைச்சேனையிலிருந்து திரும்பி வரும் வழியில் காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை. நம் வயதுக்காரருக்கு அந்தக் கிழமை மறக்காது. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். உன் பயத்தில் பாதி ஹொக்கியைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். அரங்கின் வாங்கில் கோப்பிக் கோப்பையோடு அந்தத் தாய் தகப்பன்மாருக்கு நடுவில் நீ இருக்கிறாய். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அங்கே போய் இத்தனை வருடத்தில், வேலை இடத்துக்கும் கோயிலுக்கும் வெளியே உனக்குக் கிடைத்த முதல் வாங்கு அதுதான் என்று ஒருநாள் நீயே சொன்னாய். ஸ்பிரிங் டீமுக்குப் போகாவிட்டால் அந்த வாங்கும் போய்விடுமோ என்று இருக்கிறது. அது நியாயமான ஆசை, அதை நான் பகிடி பண்ண மாட்டேன். ஆனால் அது உன் ஆசை. அதற்கான பாரத்தை ஒன்பது வயசுப் பிள்ளையின் காலில் கட்டாதே. செப்டெம்பரில் அதே ஆட்கள் அதே வாங்கில்தான் வந்து இருப்பார்கள்.

அப்போ ஒன்றுக்கும் காசு கட்ட வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. ஓடுவது பிள்ளைக்குத் தானாக வரும், சறுக்குவது வராது. அங்கே நாலு வயதில் ஸ்கேட் போட்ட பிள்ளைகளோடு, ஏழு வயதில் போட்டவன் நிற்கிறான். அந்த இடைவெளி மட்டும் பழகினால் குறையும். ஆகவே டீம் வேண்டாம், டோர்னமென்ட் வேண்டாம், ஏழெட்டுப் பிள்ளைகளை மட்டும் எடுத்துச் சறுக்கல் மட்டும் பழக்குகிற வகுப்பு இருக்கிறதா என்று விசாரி. ஒரு மாதம் போதும், இந்தக் காசில் பாதிகூட வராது என்று நினைக்கிறேன். போய் ஒரு நாள் பார். பிள்ளைகள் வரிசையில் நின்று தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்களா, சறுக்கிக்கொண்டே இருக்கிறார்களா என்பதைப் பார்த்தால் போதும், கோச் எந்த லீக்கில் விளையாடினார் என்ற கதையெல்லாம் பிறகு. பனிக்காலத்தில் நகரசபையின் திறந்தவெளி ரிங்குகளில் காசில்லாமல் சறுக்கலாம். வருகிற டிசெம்பரில் நீயும் கூட இறங்கு. விழுந்தால் வீடியோ அனுப்பு.

அதற்கும் முன்னால், அவனைக் கேள். மூன்று நிமிடம் பேசினாய், கோச் சொன்னதைச் சொன்னாய், மற்றத் தகப்பன்மார் சொன்னதைச் சொன்னாய். மருமகன் என்ன சொன்னான் என்று ஒரு சொல் இல்லை. "அப்பா, எனக்கு ஐஸ் வேணும்" என்று அவனே அழுதால் கதை வேறு, நான் எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு மாத வகுப்பை இரண்டு மாதமாக்கு. தோளைக் குலுக்கிவிட்டுப் போனால், விடு.

ஜூன் முடிய அவனுக்குப் பள்ளிக்கூடம் விடும்தானே. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம் வருகிறது, கூட்டிக்கொண்டு வா. டிக்கெட்டுக்கு 2,400 டொலர் காணாதுதான், ஆனால் பெரிய பகுதி கழியும். என் பள்ளிக்கூடப் பொடியன்மாரில் பத்துப் பேரைக் கூப்பிட்டு வைக்கிறேன், கிளித்தட்டுக்குக் கோடு கீறுவது என் வேலை. ஹொக்கித் தடியைப் பிளேனில் ஏற்றத் தனியாகக் காசு கேட்டால் அதையும் அங்கேயே விட்டுவிட்டு வா. பின்வளவில் தென்னைமட்டை நிறையக் கிடக்கிறது, செதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
மச்சான்
மட்டக்களப்பு