கூத்து முடிந்தது, நன்றி பாக்கி

ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் உடன் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் பதினொரு பேர் கர்ண மோட்சம் தெருக்கூத்து ஆடினார்கள். விடிய விடிய ஆட வேண்டிய கூத்தை முக்கால் மணி நேரத்தில் முடிக்கச் சொல்லி நானும் கூத்து வாத்தியாரும் சண்டை போட்டதை ஊரே பார்த்தது. கடைசியில் ஜெயித்தவர் அவர்தான். ஒன்றேகால் மணி நேரம் ஓடியது.

முதல் நன்றி அவருக்கே. பங்குனி பிறந்துவிட்டால் பாரதக் கூத்து என்று ஜமாவோடு, அதாவது தன் கூத்துக் குழுவோடு, ஊர் ஊராகப் போய்விடுவார், ஆளைப் பிடிக்க முடியாது. அதனால் தை, மாசி முழுக்க மாலை நாலரைக்கு சைக்கிளில் வந்து நின்றார். கர்ணன் மனைவி பொன்னுருவியாக வேஷம் கட்டிய ஒன்பதாம் வகுப்புப் பெண் முதல் நாளே மைக் கேட்டாள். "கடைசியில முறுக்கு தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற கிழவிக்குக் கேட்கணும் பாப்பா, மைக் எதுக்கு?" என்று அவளை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, இவர் காம்பவுண்டுச் சுவர்வரை போய்க் காதைக் கொடுத்தார். பத்து நாள் இதே கூத்து. இப்போது என் வகுப்பில் அவள் செய்யுள் வாசித்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கிறார்.

அடுத்து எங்கள் ஓவிய ஆசிரியர். 2012-இல் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பகுதிநேரமாகச் சேர்ந்தவர். வாரத்துக்கு மூன்று அரை நாள்தான் அவருக்குக் கணக்கு. இந்த இரண்டு மாதம் அவர் கணக்குப் பார்க்கவில்லை. நிஜக் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். நமக்கு அதற்கு வசதி ஏது? அட்டை, ஜிகினாத்தாள், உடைந்த கண்ணாடி வளையல் இவற்றை வைத்தே செய்துவிட்டார். எட்டாம் வகுப்புப் பையன்கள் காம்பஸ் வைத்து வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். கணக்குப் பாடத்தில் அந்தக் காம்பஸ் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள்! அவரிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். பரீட்சை நெருங்கினால் அவருடைய ஓவிய வகுப்பைத் தமிழுக்கென்று பிடுங்கிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இனி கேட்க மாட்டேன் சார்.

கடைசிப் பீரியடை விட்டுக்கொடுத்த கணக்கு ஆசிரியருக்கும், ஒத்திகை நாளெல்லாம் சுண்டல் அவித்துத் தந்த பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்களுக்கும், கூத்துக்கு முகவீணைக் குழல் ஊதியவருக்கும், பந்தல் வாடகையே வாங்காத தம்பிக்கும் நன்றி. ஆம்பளை கட்டுற வேஷத்தைப் பொட்டப்புள்ளைக்கு ஏன் தருகிறீர்கள் என்று முதலில் கோபித்துக்கொண்டு, அப்புறம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்த தாத்தாவுக்கும்தான்.

திரைக்குக் கொடுத்த புடவைகள் துவைத்து ஆசிரியர் அறையில் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள்ளவும். கர்ணன் வீட்டில் ஒரு வேண்டுகோள்: பையன் காதோரம் அரிதாரம் இன்னும் போகவில்லை. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
தமிழாசிரியர்
அரசு உயர்நிலைப் பள்ளி